கோவைக்குப் புள்ளியிடுவது எப்படி?

தெல்லிப்பழைக்குக் கல்வி புதிதன்று. யூனியன் கல்லூரியின் வரலாறு 1816 இல் தொடங்குகிறது. மகாஜனக் கல்லூரியைப் பாவலர் துரையப்பாபிள்ளை 1910 இல் நிறுவினார். 1990 இல் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு பிள்ளைகளின் கொப்பிகளும் போயின. அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம் பிள்ளைகளின் கதியும் இதுவே. மிஞ்சியது, அதுவும் சிலருக்கே, பரீட்சைச் சான்றிதழ். அது பெறுபேற்றைச் சொல்லும்; பிள்ளை எவ்வாறு கற்றது என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்லவல்லது, மாணவர் தம் வேலைகளைச் சேர்த்துவைக்கும் கோவை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் அது கணினியிலேயே அமையலாம். பிரதியெடுத்து வேறிடத்திலும் காக்கலாம்.

ஆயின் புள்ளியிடுவதில்தான் சிக்கல். வண்ணமும் அசைவும் நிறைந்த படைப்பு கண்ணைப் பறித்துவிடும். வீட்டில் கணினியும் உதவிக்கு ஓர் அண்ணனும் உள்ள பிள்ளை முந்திவிடும். இன்று செயற்கை நுண்ணறிவும் அந்த அண்ணனின் இடத்துக்கு வந்துவிட்டது.

ஆகவே முதல் வரைவும் பிழைத்த சூத்திரமும் அதைத் திருத்திய விதமும் கோவையில் இருத்தல் வேண்டும். விரிதாளில் கூட்டுத்தொகை ஏன் பிழைத்தது என்று மாணவர் எழுதிய இரண்டு வரிகளை, அழகிய முகப்பைவிட நாம் மேலாக மதிப்போம். எதற்கு எத்தனை புள்ளி என்பதை வேலை தொடங்குமுன்பே அறிவித்துவிடவேண்டும். ஒரே கோவையை இரு ஆசிரியர்கள் தனித்தனியே கணித்து ஒப்பிடுவது நன்று. பிள்ளையை அருகில் இருத்தி, "இதை ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஐந்து நிமிடம் கேட்பது அதனினும் நன்று.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் அதற்கு 200 நிமிடங்கள், அதாவது ஐந்து பாடவேளைகள் வேண்டும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டை வலியுறுத்தும் அதிகாரிகள் நேரசூசியில் அவற்றுக்கு இடம் தருவார்களா?