முதல், கரு, உரி: சென்னையின் துறைசார் அருங்காட்சியகங்களைத் திணைக்கோட்பாட்டின் வழிக் காணல்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு தொழிலையோ நிறுவனத்தையோ ஒருவரின் வாழ்வையோ மட்டும் பொருளாகக் கொண்ட அருங்காட்சியகங்கள் துறைசார் அருங்காட்சியகங்கள் எனப்படும். சென்னையிலும் அதன் புறநகரிலும் உள்ள இத்தகைய ஐந்து இடங்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. தொல்காப்பியம் வகுக்கும் முதல், கரு, உரி என்னும் மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு, அங்குள்ள பொருளுக்கும் அது வைக்கப்பட்டுள்ள இடத்துக்கும் இடையிலான உறவு விளக்கப்படுகிறது. இடமும் பொருளும் ஓரளவு காக்கப்பட்டாலும், அப்பொருளைக் கையாண்ட மனிதரின் ஒழுகலாறும் சொல்லும் தனியே தேடிப் பதிவு செய்யப்பட வேண்டியவை என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: துறைசார் அருங்காட்சியகம், சென்னை, திணைக்கோட்பாடு, முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள், இடப்பெயர், தொழிற்சொல்.

முன்னுரை

சென்னை மக்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், உயிரியல் பூங்காவை ‘உயிர் காலேஜ்’ என்றும் வழங்கிவந்தனர். இவ்விரு பெயர்களும் நகைச்சுவைக்காக மட்டும் எழுந்தவையல்ல; அவற்றுக்குப் பின்னே வரலாறும் உண்டு. 1851இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்தான் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. சென்னை இலக்கியச் சங்கம் அளித்த, ஏறத்தாழ 1100 நிலவியல் மாதிரிகளே அதன் முதல் சேகரிப்பு. முதற்பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபரின் காலத்தில், 1854இல், அது எழும்பூர்ப் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. அவ்வளாகத்தில் அவர் உயிருள்ள விலங்குகளையும் வைத்துப் பேணினார். 1855இல் உருவான உயிரியல் பூங்காவுக்கு அதுவே அடிப்படை. ஒரே வளாகத்தில் பிறந்த இரண்டையும் மக்கள் உயிருள்ளது, உயிரற்றது எனப் பிரித்து அறிந்தனர்.

‘செத்த’ என்னும் அடைமொழி பாடம் செய்யப்பட்ட விலங்குகளைச் சுட்டியிருக்கலாம். ஆயினும் அதனை ஒரு திறனாய்வுச் சொல்லாகவும் கொள்ள இடமுண்டு. தான் பிறந்த இடத்திலிருந்தும் பயன்பட்ட சூழலிலிருந்தும் பிரிக்கப்பட்டுக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்படும் எப்பொருளும் ஒருவகையில் உயிர் நீங்கியதே. துறைசார் அருங்காட்சியகங்கள் இப்பிரிவை எவ்வாறு கையாள்கின்றன என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

அளவுகோல்

தொல்காப்பிய அகத்திணையியல் பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றி வழங்கும் தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, செய்தி முதலியன கருப்பொருள். இவற்றுள் செய்தி என்பது தொழிலைக் குறிக்கும். மக்களின் ஒழுகலாறு உரிப்பொருள்.

அருங்காட்சியகத்தை இம்முறையில் நோக்கினால், காட்சிக்கு வைக்கப்படும் கருவியும் கலமும் கருப்பொருளாகின்றன. அவை பயன்பட்ட இடமும் காலமும் முதற்பொருள். அவற்றைக் கொண்டு மனிதர் செய்ததும் பட்டதும் உரிப்பொருள். பல துறைப் பொருள்களைத் திரட்டும் பொது அருங்காட்சியகம் கருப்பொருளை மட்டும் எடுத்து வருகிறது. அமராவதிச் சிற்பங்கள் எழும்பூரில் இருப்பது இதற்குத் தக்க சான்று.

தொல்காப்பியர் கூறும் மற்றொரு விதியும் இங்குக் கருதத்தக்கது. ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தாது வேறு நிலத்தில் வந்தால், அவை வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளப்படும் என்பது அவ்விதி. எனவே கருப்பொருள் இடம்பெயர்வது வழுவன்று. பெயர்ந்தபின் அது புதிய நிலத்தின் பொருளைப் பெறுகிறது. துறைசார் அருங்காட்சியகங்களை மூவகையாகப் பகுக்க இவ்விதி துணை செய்கிறது.

இடமும் பொருளும் ஒன்றியவை

புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள கோட்டை அருங்காட்சியகம் 1948 சனவரி 31 அன்று திறக்கப்பட்டது. அதன் கட்டடம் 1795இல் முடிவுற்றது. வணிகரும் தரகரும் கூடிப் பேசும் பொதுமன்றமாக அதன் மேல்தளக் கூடம் பயன்பட்டது. 1796 முதல் 1840களின் முற்பகுதி வரை அக்கட்டடத்தின் உச்சியில் கலங்கரை விளக்கமும் எரிந்தது. சரக்கின் விலையைப் பேசிய இடமும் சரக்குக் கப்பலுக்கு வழிகாட்டிய ஒளியும் ஒரே கூரையின் கீழும் மேலும் அமைந்திருந்தன. இன்று அங்கே குழுமத்தாரின் பீங்கான் கலங்கள், நாணயங்கள், படைக்கருவிகள், ஓவியங்கள் ஆகியன உள்ளன. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடியும் அங்குப் பேணப்படுகிறது. காரன்வாலிஸ் சிலையையும் இக்கொடியையும் ஒரே கட்டடத்தில் காணும் பார்வையாளருக்கு ஆட்சி மாற்றம் நூற்செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

எழும்பூரில் உள்ள காவல் அருங்காட்சியகம் 2021இல் திறக்கப்பட்டது. 1842ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் கட்டடம், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 2013 வரை மாநகரக் காவல் ஆணையர் அலுவலகமாக விளங்கியது. சீருடை, படைக்கலம், கம்பியில்லாத் தொடர்புக் கருவி முதலியன தாம் ஆணைக்கு உட்பட்டிருந்த இடத்திலேயே காட்சிப்பொருளாகியுள்ளன.

இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டிய ரயில் அருங்காட்சியகம் இவற்றினும் ஒருபடி வேறுபட்டது. 1955 அக்டோபர் 2 அன்று நேருவால் தொடங்கிவைக்கப்பட்ட அத்தொழிற்சாலையில் இன்றும் பெட்டிகள் கட்டப்படுகின்றன. 2002இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் பழைய நீராவி எந்திரங்களையும் பெட்டிகளையும் காண்பவர், அருகிலேயே அத்தொழில் நடந்துகொண்டிருப்பதையும் உணர்கிறார். இங்கே நிலம் மாறவில்லை; பொழுது மட்டும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

இடம் நிற்கப் பொருள் மாறியது

திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள விவேகானந்தர் இல்லம் இரண்டாம் வகைக்கு உரியது. பாஸ்டன் நகர வணிகர் ஃபிரடெரிக் டியூடரின் குழுமம் 1842இல் இதனைப் பனிக்கட்டிச் சேமிப்பகமாகக் கட்டியது. மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுக்கப்பட்ட பனிக்கட்டிகள் மரத்தூள் முதலியவற்றால் காக்கப்பட்டுக் கப்பலில் வந்தன. அவர் 1833இல் கொல்கத்தாவுக்கு அனுப்பிய முதற்கப்பலில் ஏற்றப்பட்ட 180 டன்னில், ஏறத்தாழ நான்கு மாதப் பயணத்துக்குப்பின் 100 டன் அளவே எஞ்சியது. அந்த இழப்புக்குப் பின்னும் வணிகம் ஆதாயம் தந்தது. கொல்கத்தா, மும்பை, சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் இத்தகைய சேமிப்பகங்கள் எழுந்தன. அவற்றுள் இன்று எஞ்சி நிற்பது சென்னைக் கட்டடமே.

எந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவியதும் இவ்வணிகம் நின்றது. கட்டடம் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் உடைமையாகிக் ‘காசில் கெர்னன்’ எனப் பெயர் பெற்றது. 1897 பிப்ரவரியில் மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார். பின்னர் இராமகிருஷ்ணானந்தரின் மடம் சில ஆண்டுகள் இங்கு இயங்கியது. அரசின் உடைமையான பிறகு, சகோதரி சுப்புலட்சுமி இளங்கைம்பெண்களுக்காக நடத்திய விடுதி இங்கே இடம்பெற்றது. 1963இல் விவேகானந்தர் இல்லம் எனப் பெயரிடப்பட்ட இதில் 1999 முதல் அவர் வாழ்வையும் இந்தியப் பண்பாட்டையும் விளக்கும் நிலைக்காட்சி உள்ளது.

ஒரே கட்டடத்தில் வணிகம், விருந்தோம்பல், துறவு, அடைக்கலம், கல்வி என உரிப்பொருள் ஐந்துமுறை மாறியுள்ளது. நிலைக்காட்சியின் மையம் அவற்றுள் ஒன்றே. உருகிப்போன பனிக்கட்டியைக் காத்துவைத்திருப்பது ‘ஐஸ் ஹவுஸ்’ என்னும் வட்டாரப் பெயர். அப்பகுதிக் காவல் நிலையமும் அப்பெயரையே தாங்குகிறது. வேற்றுநிலத்து ஏரிநீர் சென்னையின் இடப்பெயராகியிருப்பது, வந்த நிலத்தின் பொருளாதல் என்னும் விதிக்குத் தக்க எடுத்துக்காட்டு.

பொருள் நிற்க இடம் மாறியது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா மூன்றாம் வகையைச் சார்ந்தது. தென்மாநில மரபு வீடுகள் பலவும் அவை இருந்த ஊர்களில் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் உத்தரமும் இங்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டன. செட்டிநாட்டு வணிகர் வீடும் கேரளச் சிரியன் கிறித்தவர் மரவீடும் ஒரே நாளில் காணக்கூடியனவாக உள்ளன. கருப்பொருள் முழுமையாக வந்துள்ளது; ஆனால் செட்டிநாட்டின் வறண்ட நிலமும் கேரளத்தின் மழையும் வரவில்லை. முற்றத்தின் அளவும் கூரையின் சரிவும் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதற்கான காரணம் அந்த முதற்பொருளில்தான் இருக்கிறது. அதனைப் பார்வையாளர் தம் அறிவால் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது. எனினும், இடித்து மரமாக விற்கப்படும் நிலையில் உள்ள ஒரு வீட்டுக்கு இடப்பெயர்வே பிழைக்கும் வழி என்பதையும் மறுக்க இயலாது.

உரிப்பொருளைத் தேடல்

மேற்கண்ட மூவகையிலும் கருப்பொருள் கண்ணுக்குப் புலனாகிறது; முதற்பொருள் முழுமையாகவோ பகுதியாகவோ உள்ளது. உரிப்பொருளின் நிலை அவ்வாறன்று. ஒரு கருவியின் பெயர், காலம், அளவு ஆகியவற்றை விளக்கப்பலகையில் எழுதிவிடலாம். அதனைக் கையாண்டவர் எப்படி அழைத்தார், எதற்கு அஞ்சினார், எவ்வளவு நேரம் உழைத்தார் என்பனவற்றைப் பொருளிலிருந்து மட்டும் அறிய முடியாது. அவற்றின் தடயம் மொழியில் உள்ளது.

ரயில் துறையில் ‘போகி’ என்பது சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்தைக் குறிக்கும் சொல். பொதுவழக்கில் அது பெட்டி முழுவதையும் குறிக்கிறது. ஒரே சொல் தொழிலாளிக்கு ஒன்றையும் பயணிக்கு மற்றொன்றையும் உணர்த்துவது, இரு வேறு அனுபவங்களின் பதிவாகும். காவல் வரலாற்றுக்கும் இது பொருந்தும். ஆணையர் பதவி ஏற்படுவதற்கு முன்பு நகரில் இருந்த காவல் முறையைப் பெத்தநாயக்கன்பேட்டையும் கொத்தவால் சாவடியும் இன்றும் நினைவூட்டுகின்றன. முன்னது காவல் தலைவரான பெத்தநாயக்கர் பெயரால் அமைந்தது. பின்னது கொத்தவால் என்னும் அதிகாரியின் பதவிப்பெயரால் அமைந்தது.

சென்னை நெய்தல் நிலத்து நகரம். ஆயினும் இங்கு நோக்கிய ஐந்தனுள் ஒன்றும் மீன்பிடித் தொழிலையோ உப்பு விளைத்தலையோ தன் துறையாகக் கொண்டதன்று. நெய்தலின் மூத்த செய்திகள் இவ்விரண்டும். நகரின் நடுவே உப்புக் கிடங்குகள் இருந்ததைச் சால்ட் கோட்டர்ஸ் என்னும் ரயில் சரக்குமனைப் பெயர் காட்டுகிறது. கட்டடமும் நிறுவனமும் உடைய தொழில்கள் அருங்காட்சியகமாகின்றன. மணலிலும் நீரிலும் நிகழும் தொழில்களுக்கு அவ்வாய்ப்புக் குறைவு. அவற்றுக்கு அருங்காட்சியகத்தின் பணியை இப்போது செய்வன இடப்பெயரும் வழக்குச்சொல்லுமே.

ஆகவே இவ்விடங்களுக்குக் கள ஆய்வாகச் செல்லும் ஆய்வாளரும் மாணவரும் மூன்று வினாக்களை உடன்கொண்டு செல்லலாம். இப்பொருள் இங்கேயே இருந்ததா, வந்ததா என்பது முதல் வினா. இக்கட்டடம் இதற்குமுன் என்னவாக இருந்தது என்பது இரண்டாவது. இதனைக் கையாண்டவர் வழங்கிய சொல் யாது என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கு விடை ஆவணங்களில் கிடைக்கும். மூன்றாவதற்கு ஓய்வுபெற்ற பணியாளரிடமும் சுற்றுவட்டார மக்களிடமும் செல்ல வேண்டும். அங்குத் திரட்டும் தொழிற்சொற்களை, சொன்னவரின் தொழிலும் பணிக்காலமும் குறித்து அகரநிரற்படுத்துவது ஒரு பருவத்துக்குரிய களப்பணியாக அமையலாம்.

வரையறை

கவிதைக்கு வகுத்த இலக்கணத்தை அருங்காட்சியகத்துக்குப் பொருத்துவது ஒப்புமை அளவிலேயே கொள்ளத்தக்கது. தொல்காப்பியர் கூறும் உரிப்பொருள் புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என அகவொழுக்கத்துக்கு உரியது. இங்கு அது மக்களின் ஒழுகலாறு என விரிந்த பொருளில் ஆளப்பட்டுள்ளது. நெய்தலுக்கு இரங்கல் உரியது என்பதைக் கொண்டு கடற்கரை நகரின் அருங்காட்சியகங்கள் யாவும் இரங்கலை உணர்த்துவன என வலிந்து கூறுதல் பொருந்தாது.

முடிவுரை

துறைசார் அருங்காட்சியகத்தின் தனித்தன்மை அரிய பொருளைக் கொண்டிருப்பதில் மட்டும் இல்லை. பொருளையும் அதன் இடத்தையும் இணைத்துக் காட்டுவதில் உள்ளது. கோட்டை, காவல், ரயில் அருங்காட்சியகங்களில் அவ்விணைப்பு நிலைத்துள்ளது. விவேகானந்தர் இல்லத்தில் இடம் நிலைக்க, பொருள் மாறியது. தட்சிணசித்ராவில் பொருள் பிழைக்க, இடம் மாறியது. மூன்று வகைக்கும் பொதுவான தேவை உரிப்பொருளைத் திரட்டுவது. பொருளைப் பேழைக்குள் வைத்துப் பல தலைமுறை காக்கலாம். அதனைக் கையாண்டவர் சொல், சொல்பவர் உள்ளவரை மட்டுமே கிடைக்கும். அச்சொற்களும் விளக்கப்பலகையில் இடம்பெறும்போது, ‘செத்த காலேஜ்’ என்னும் மக்கள் திறனாய்வுக்கு அருங்காட்சியகம் ஒரு மறுமொழி அளித்ததாகும். அதற்கான தரவைத் திரட்டித் தருவது தமிழாய்வின் பணி.