பரீட்சைப் பயத்தை மூச்சு விரட்டுமா?

ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு, தாயையும் தந்தையையும் விட்டு மலைமேல் போய் நின்ற பிள்ளையின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை நின்ற இடம்தான் பழனி.

பழனி மலைத் தொடருக்கு இன்றும் கோபித்த பிள்ளைகள் வருகிறார்கள். கலங்கிய பிள்ளைகளும் வருகிறார்கள். தனியாக அல்ல, அப்பா, அம்மாவோடு பஸ்சிலும் காரிலும் வருகிறார்கள்.

மே மாதம் கொடைக்கானலில் 'சீசன்'. அதே மே மாதத்தில்தான் பெரும்பாலும் 'பிளஸ் டூ' பரீட்சை முடிவு வருகிறது. 'நீட்' தேர்வும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். ஏரியில் படகு போகும். பிரையண்ட் பூங்காவில் பூக்கள் குலுங்கும். பையன் மட்டும் செல்போனைப் பார்த்தபடி, வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பான்.

"ஏண்டா இப்படி இருக்கே?" என்று தாய் கேட்பாள்.

"ஒண்ணும் இல்லேம்மா."

அந்த "ஒண்ணும் இல்லே"க்குள் எவ்வளவோ இருக்கிறது!

பெருமாள் மலையில்...

கொடைக்கானலுக்கு ஏறும் வழியில், ஊர் வருவதற்குச் சற்று முன்னால் பெருமாள் மலை இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து வரும் சாலையும், பழனியிலிருந்து வரும் சாலையும் இங்கேதான் சேருகின்றன.

இங்கே 'போதி ஜென்டோ' என்று ஒரு தியான இல்லம் இருக்கிறது. 1996-ல் ஏற்பட்டது.

இதை அமைத்தவர் அமா சாமி. கத்தோலிக்கத் துறவி, ஏசு சபையைச் சேர்ந்தவர். 1936-ல் பர்மாவில் பிறந்தவர். ஜப்பானுக்குப் போய், யமாடா கோவுன் என்ற குருவிடம் 'ஜென்' தியானம் பயின்றார். பிறருக்குக் கற்றுக்கொடுக்க 1982-ல் குரு அனுமதி தந்தார். பாதிரியார் ஒருவர், புத்தர் வழி வந்த தியானத்தை, முருகன் மலைத் தொடரில் சொல்லித் தந்தார்! நம் நாட்டில்தான் இப்படி நடக்கும்.

அந்தத் தியானம் எப்படி?

மந்திரம் இல்லை. மாய வித்தை இல்லை. முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும். பேசக்கூடாது. மூச்சை ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ண வேண்டும். பிறகு மறுபடி ஒன்று.

கேட்பதற்கு எளிது. செய்து பாருங்கள், தெரியும்! மூன்று எண்ணுவதற்குள் மனம் கடன்காரன் வீட்டுக்குப் போய்விடும். நாலு எண்ணுவதற்குள் நேற்று நடந்த சண்டைக்குப் போய்விடும். போனால் போகட்டும். அதைத் திட்டாமல் கூட்டிக்கொண்டு வந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தடவை உட்கார்ந்தால் 25 நிமிடம். பிறகு மெல்ல நடப்பார்கள். கூட்டுவது, காய் நறுக்குவது, தோட்டத்தில் களை எடுப்பது ஆகியவையும் அங்கே பயிற்சிதான்.

இது பெரியவர்கள் வந்து தங்கும் இடம். ஆனால், ஓடுகிற மனத்தைக் கூட்டி வரும் இந்த வேலையைத்தான் இன்று பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். 'மைண்ட்புல்னெஸ்' என்று அதற்குப் பெயர். 'மனக் கவனப் பயிற்சி' என்று நாம் சொல்லலாம்.

வினாத்தாளும் பாம்பும்

பிள்ளைகளுக்கு இது எதற்கு?

பரீட்சை மண்டபம். வினாத்தாள் கைக்கு வருகிறது. நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது. நாக்கு வறண்டு போகிறது. பாம்பைக் கண்டால் உடம்பு என்ன செய்யுமோ, அதையேதான் வினாத்தாளைக் கண்டும் செய்கிறது. 'அட்ரினலின்' என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது. தப்பி ஓடுவதற்காக இயற்கை செய்து வைத்த ஏற்பாடு அது. வினாத்தாளை விட்டு எங்கே ஓடுவது?

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பயத்தையும் கோபத்தையும் எழுப்பும் மூளைப் பகுதி அப்போது துடிப்பாக வேலை செய்கிறது. "பொறு, யோசி" என்று அடக்கி வைக்கும் முன்மூளையோ முழுதாக வளர ஏறக்குறைய 25 வயது ஆகும். "தோளுக்கு மேல் வளர்ந்தும் புத்தி இல்லையா?" என்று நாம் கேட்கிறோம். அந்தக் கேள்வி நியாயம் அல்ல.

இதயத்தை நேராக நம்மால் அடக்க முடியாது. ஆனால் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணிகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் இடையே ஓடும் 'வேகஸ்' என்ற நரம்பு அந்த வேலையைச் செய்கிறது.

மடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு

அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்ற விஞ்ஞானி ஜென் தியானம் பழகியவர். 1979-ல், மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். தீராத வலியோடு இருந்த நோயாளிகள் வந்தார்கள். மதச் சொற்களை எடுத்துவிட்டு, மூச்சைக் கவனிப்பதைச் சொல்லிக்கொடுத்தார்.

பிறகு வாலிபப் பிள்ளைகளின் முறை வந்தது. கலிபோர்னியாவில், மனநல மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்த 14 முதல் 18 வயது வரையுள்ள 102 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு மூச்சுப் பயிற்சியும். 2009-ல் முடிவு வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் குறைந்திருந்தன. தூக்கமும் நன்றாக வந்தது.

டில்லி அரசுப் பள்ளிகளிலும் 2018-ல் 'மகிழ்ச்சிப் பாடம்' தொடங்கியது. அதிலும் சில நிமிடம் அமைதியாக உட்காரும் பயிற்சி இருந்தது.

அப்படியானால் எல்லாப் பள்ளியிலும் இதை வைத்துவிடலாமே என்று தோன்றும். பிரிட்டனில் வைத்தும் பார்த்தார்கள்!

85 பள்ளிகளில் சோதனை

85 பள்ளிகள். 8,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள். வயது 11 முதல் 13 வரை. ஒரு பாதிப் பள்ளிகளில் ஆசிரியர்களே பயிற்சி பெற்று, 10 பாடமாக நடத்தினார்கள். மறு பாதியில் வழக்கம்போல் வகுப்பு. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது.

என்ன முடிவு? இரண்டு பக்கமும் ஒரே நிலைதான். பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்குத் தனி நன்மை தெரியவில்லை. ஏற்கெனவே மனம் வாடியிருந்த பிள்ளைகளில் சிலருக்குச் சற்றுக் கெடுதலாகவும் இருந்திருக்கலாம் என்று கண்டார்கள்.

காரணம் என்ன? பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்யவே இல்லை. கலிபோர்னியாப் பிள்ளைகள் துன்பத்தோடு உதவி தேடி வந்தவர்கள், வயதும் கூட. இங்கேயோ கணக்கு, சரித்திரத்தோடு இது இன்னொரு பாடம். "உட்கார், அமைதியாக இரு" என்று மணி அடித்துச் சொன்னால் அமைதி வந்துவிடுமா?

இதில் ஒரு வேடிக்கை. பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கு நன்மை உண்டாயிற்று! வேலைச் சலிப்பு அவர்களுக்குக் குறைந்தது. இந்தச் செய்தியைப் பெற்றோர்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

அப்பா உட்காருவாரா?

"போய்த் தியானம் பண்ணுடா. மார்க்கு வரும்" என்று சொல்லும் வீடுகள் உண்டு. டியூஷனோடு இதுவும் ஒரு டியூஷன் ஆகிவிடும். பையன் கண்ணை மூடிக்கொண்டு நேரம் எப்போது முடியும் என்று எண்ணுவான்.

அதற்குப் பதிலாக, விளக்கு வைக்கும் நேரத்தில் டெலிவிஷனை நிறுத்திவிட்டு அப்பா முதலில் உட்காரட்டும். அம்மாவையும் அடுக்களையிலிருந்து கூப்பிடட்டும். 5 நிமிடம் போதும். மூச்சை உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விட வேண்டும். பத்து வரை எண்ண வேண்டும். கண்ணை மூடினால் பயமாக இருக்கும் பிள்ளை, திறந்தே வைத்துக்கொள்ளலாம். வர விருப்பம் இல்லாத பிள்ளையை விட்டுவிடுங்கள். "எத்தனை எண்ணினே?" என்று விசாரணை வேண்டாம்.

தூக்கத்தையும் கவனியுங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு 12 மணி வரை படித்துவிட்டு, காலை 4 மணிக்கு எழுந்திருக்கும் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி என்ன செய்ய முடியும்? "பக்கத்து வீட்டுப் பெண் 580 எடுத்திருக்கிறாள்" என்ற பேச்சுக்கும் மூச்சில் மருந்து இல்லை.

சில பிள்ளைகளுக்கு இது போதவே போதாது. வாரக்கணக்கில் தூங்காமல் இருப்பது, சாப்பாட்டை வெறுப்பது, சிநேகிதரை விட்டு ஒதுங்குவது, "நான் இருந்து என்ன?" என்று பேசுவது ஆகியவற்றைக் கண்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். தியானத்தைச் சொல்லி நாளைக் கடத்தக்கூடாது.

போனில் 14416 என்ற எண்ணைச் சுழற்றினால் மனநல ஆலோசகர் பேசுவார். இந்தியா முழுவதற்கும் 2022-ல் தொடங்கிய அரசாங்கச் சேவை இது. இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை. பிள்ளையும் பேசலாம், பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் அப்பா, அம்மாவும் பேசலாம்.