எடை ஏறினால் பயிற்சியை விடாதீர்கள்

உடற்பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் எடை குறையாமல் ஒரு கிலோ கூடிவிடுவதும் உண்டு. பலர் மனம் வெறுத்துப் பயிற்சியைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஐயோ, அவசரப்படாதீர்கள்! ஏறியது பெரும்பாலும் தண்ணீர். பழக்கமில்லாத வேலை கொடுத்ததும் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழும். அவற்றை ஆற்ற உடல் அங்கே நீரைத் தேக்கும். மறுநாள் படி இறங்கும்போது தொடை பிடித்துக்கொள்வதும் இதே கிழிசல்களால்தான். தசை தன் தேவைக்குச் சேமிக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் சேரும். இரவில் உப்பு மிகுந்த ஊறுகாய், அப்பளம் அதிகமானாலும் காலையில் எடைக்கருவியின் முள் ஏறும்.

வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். இடுப்புச் சுற்றளவையும் டேப்பால் அளந்து குறித்து வையுங்கள். கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.