ஜீப்பை உயர்த்தினால் அதிர்வது ஏன்?

மேடு பள்ளமான வழியில் செல்லும் வண்டிக்கு அடிப்பாகம் தரையிலிருந்து நன்கு உயர்ந்திருக்க வேண்டும். இதற்காக அமெரிக்காவில் ஜீப் வைத்திருப்போர் பலர், உயரமான ஸ்பிரிங்குகளைப் பொருத்தி வண்டியை 5 செ.மீ. அளவுக்கு உயர்த்திக் கொள்கிறார்கள். பாறைகள் அடியில் தட்டுவதில்லை. சற்றுப் பெரிய டயர்களும் போட முடிகிறது. ஆனால் அதே வண்டியைத் தார்ச் சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓட்டும்போது, அதுவரை இல்லாத ஓர் அதிர்வு காலடியில் 'உர்'ரென்று எழுகிறது. ஸ்பிரிங்கைத் தவிர எதையும் தொடவில்லையே, பிறகு எங்கிருந்து வந்தது இந்த அதிர்வு? விடை ஸ்பிரிங்கில் இல்லை. ஒரு கோணத்தில் இருக்கிறது.

ஆற்றல் செல்லும் வழி

நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் தரும் வண்டியில், இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் பின்னால் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்னும் பகிர்வுப் பெட்டி இருக்கும். அதிலிருந்து பின்புற அச்சுக்கு ஆற்றலைக் கொண்டு செல்வது ஒரு குழாய்த் தண்டு. பட்டறைகளில் இதை 'புரொப்பல்லர் ஷாஃப்ட்' என்பார்கள். பெட்டி, வண்டியின் உடலோடு சேர்ந்து மேலே இருக்கிறது. அச்சோ சக்கரங்களோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஆகவே தண்டின் இரு முனைகளிலும் வளைந்து கொடுக்கும் இணைப்பு தேவை. கூட்டல் குறி வடிவத்தில் உள்ள ஓர் எஃகுத் துண்டை இரண்டு கவைகள் பிடித்துக் கொண்டிருக்கும். இதுதான் 'யுனிவர்சல் ஜாயிண்ட்'. மெக்கானிக்குகள் சுருக்கமாகக் 'கிராஸ்' என்பார்கள்.

இந்த இணைப்பு பழமையானது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரும், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயரும் இதற்கு வழங்குகின்றன. மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி இதை அமைத்து 1903-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர்.

சீரான சுழற்சி சீர்கெடுவது எப்படி?

இந்த இணைப்பில் ஒரு குறை உண்டு. சாய்வான நிலையில் சுழலும்போது, ஒரு பக்கத் தண்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும் மறுபக்கத் தண்டு அப்படிச் சுழல்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்தும் இரண்டு முறை தயங்கியும் சுழலும்.

ஏன் என்று அறிய, ஒரு கடிகாரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். முகப்பை நேராகப் பார்த்தால் எண்கள் சம இடைவெளியில் தெரியும். இப்போது அதன் மேல்விளிம்பைச் சற்றுப் பின்னே சாய்த்துப் பாருங்கள். வட்டம் நீள்வட்டமாகத் தோன்றும். நடுப்புள்ளியிலிருந்து நோக்கினால், 12-க்கும் 6-க்கும் அருகே எண்களுக்கு இடையிலான கோணம் விரிந்திருக்கும். 3-க்கும் 9-க்கும் அருகே குறுகியிருக்கும். முள் சீராகச் சுற்றினாலும், சாய்ந்த பார்வைக்கு அது ஓரிடத்தில் விரைவதாகவும் ஓரிடத்தில் தயங்குவதாகவும் தோன்றும். யுனிவர்சல் இணைப்பில் இது வெறும் தோற்றமன்று. சாய்ந்திருக்கும் தண்டு உண்மையாகவே அவ்வாறு சுழல்கிறது.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடுவது எளிது. நிமிடத்திற்கு 1000 சுற்று வேகத்தில் பெட்டி சுழல்வதாகக் கொள்வோம். இணைப்பின் கோணம் 7 பாகையானால், தண்டின் வேகம் 993-க்கும் 1008-க்கும் இடையே மாறி மாறி நிற்கும். கோணம் 13 பாகையானால் 974-க்கும் 1026-க்கும் இடையே ஊசலாடும். கோணம் இரு மடங்குகூட ஆகவில்லை. ஊசலாட்டமோ மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. அது ஏறத்தாழக் கோணத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது.

ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும்

அப்படியானால் எல்லா வண்டிகளும் அதிர வேண்டுமே என்று கேட்பீர்கள். தண்டில் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன அல்லவா? முதல் இணைப்பு உண்டாக்கும் தயக்கத்தை இரண்டாவது இணைப்பு சரிக்கட்டிவிடும். ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இரு முனைகளிலும் கோணங்கள் சமமாக இருக்க வேண்டும். பெட்டியின் வெளித்தண்டும் அச்சின் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் கோணங்கள் சமமாகும். இவற்றின் வேறுபாடு 1 பாகைக்கு மேற்படலாகாது என்பது பட்டறை விதி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கோணங்கள் சமமானாலும் நடுவிலுள்ள தண்டு மட்டும் விரைந்தும் தயங்கியும்தான் சுழன்றுகொண்டிருக்கும். கோணம் மிகப் பெரிதானால் அந்தத் தண்டின் எடையே அதிர்வைத் தரும்.

குட்டைத் தண்டின் தொல்லை

இனி 5 செ.மீ. உயர்வுக்கு வருவோம். பெட்டி மேலே போய்விட்டது. அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தண்டு 125 செ.மீ. நீளமானால் அதன் சாய்வு சுமார் 2 பாகைதான் கூடும். 50 செ.மீ. நீளமே உள்ள தண்டானால் ஏறத்தாழ 6 பாகை கூடிவிடும். 1997 முதல் 2006 வரை தயாரான ஜீப் ராங்லர் டி.ஜே. வண்டியின் பின்தண்டு இப்படிப்பட்ட குட்டைத் தண்டுதான். சிறிதே உயர்த்திய டி.ஜே. வண்டிகளிலும் அதிர்வுப் புகார் எழுவது இதனால்தான்.

மேலும், அந்த வண்டியில் தண்டின் முன்முனைக் கவை பெட்டிக்குள் வழுக்கி நுழைந்து நிற்கிறது. உயர்த்தியதும் பெட்டிக்கும் அச்சுக்கும் உள்ள தொலைவு சற்றுக் கூடுவதால், கவை சிறிது வெளியே இழுபடும். பிடிமானம் குறைந்து ஆடத் தொடங்கினால் எண்ணெய் அடைப்பான் தேயும்.

அதிர்வை அடையாளம் காணுங்கள்

எல்லா அதிர்வும் தண்டினால் வருவதல்ல. சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 10 முறை சுழலும். அச்சின் பற்சக்கர விகிதம் 4 ஆனால் தண்டு 40 முறை சுழலும். இணைப்பின் கோளாறு சுற்றுக்கு இருமுறை அதிர்வதால் நொடிக்கு 80 அதிர்வுகள் எழும். ஆகவே மெதுவான குலுக்கல் என்றால் சக்கரத்தின் சமநிலையைச் சோதியுங்கள். ரீங்காரம் போன்ற அதிர்வென்றால் தண்டைப் பாருங்கள்.

கோணத்தை அளப்பதற்குப் பள்ளிக் கோணமானி ஒன்றும், நூலில் கட்டிய சிறு குண்டும் போதும். வண்டியைச் சமதரையில் அதன் சக்கரங்களின் மீதே நிறுத்தி, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, இஞ்சினை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். பெட்டியின் வெளித்தண்டு, புரொப்பல்லர் தண்டு, பினியன் ஆகிய மூன்றின் சாய்வையும் குறித்துக் கொள்ளுங்கள். பெட்டியின் தண்டு பின்னோக்கி 2 பாகையும் புரொப்பல்லர் தண்டு 15 பாகையும் தாழ்ந்திருந்தால், மேல் இணைப்பின் கோணம் 13 பாகை. இதேபோல் கீழ் இணைப்புக்கும் கணக்கிடுங்கள்.

பரிகாரங்கள்

எளிய வழி, பெட்டியைத் தாங்கும் குறுக்குத் தட்டின் மேல் துண்டுகளை வைத்து, பெட்டியை 2 அல்லது 2½ செ.மீ. இறக்குவது. செலவு குறைவு, ஆனால் அரும்பாடுபட்டுப் பெற்ற உயரத்தில் பாதி அடியில் போய்விடும். பெட்டியின் வாயும் கீழ்நோக்கிச் சாய்வதால், பினியன் இணையாக இருக்கிறதா என்று மீண்டும் அளக்க வேண்டும்.

இரண்டாவது வழி, பினியனின் சாய்வைத் திருத்துவது. பட்டை ஸ்பிரிங் வண்டியானால், ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்து அச்சைச் சற்றே திருப்பலாம். சுருள் ஸ்பிரிங் வண்டியானால், நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இணைப்புக் கைகளைப் பொருத்த வேண்டும்.

மூன்றாவது, முழுமையான பரிகாரம். வழுக்கும் கவையை நீக்கிவிட்டுப் பெட்டி முனையில் இரட்டைக் கிராஸ் கொண்ட தண்டைப் பூட்டுவது. அடுத்தடுத்துள்ள இரண்டு இணைப்புகளும் கோணத்தைச் சரிபாதியாகப் பகிர்ந்து, ஒன்றின் குறையை மற்றொன்று அங்கேயே தீர்த்துவிடுகின்றன. இந்த அமைப்பில் விதி மாறுகிறது என்பதை மறவாதீர்கள். பினியன் பெட்டிக்கு இணையாக இருக்கலாகாது. தண்டின் நேர்க்கோட்டிலேயே நிற்க வேண்டும். ஆற்றல் பாயும்போது பினியன் முனை சற்று மேலெழும் என்பதால், நிற்கும் நிலையில் 1 அல்லது 2 பாகை தாழ்வாக வைப்பார்கள். புதுத் தண்டை வாங்கிப் பூட்டிவிட்டுப் பினியனைப் பழைய சாய்விலேயே விட்டுவிட்டால் அதிர்வு போகாது.

அலட்சியம் வேண்டாம்

அதிர்வைப் பழகிக்கொள்ளலாம் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். அது தவறு. கிராஸிலுள்ள ஊசி உருளைகள் தேய்ந்து, இணைப்பு ஒரு நாள் முறியும். ஓடும் வண்டியில் தண்டின் முன்முனை கழன்று தரையில் ஊன்றினால் விளையும் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: பதிவுச் சான்றில் உள்ள, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

எந்திரத்தில் ஓர் உறுப்பை மாற்றினால், அதனோடு இணைந்த மற்ற உறுப்புகளின் கணக்கும் மாறும். வண்டியை 5 செ.மீ. உயர்த்த விரும்புகிறவர், ஸ்பிரிங்கின் விலையோடு தண்டின் கோணத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டுக் கொள்வது நல்லது.