ஒரு சஹன், ஆறு வயது

கல்யாண வீட்டுச் சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காருகிறார்கள். நடுவில் சோறு, அதன்மேல் இறைச்சி, ஓரத்தில் பருப்பும் அச்சாறும். ஏழை பணக்காரன் பார்க்காத பந்தி என்று நமது பண்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்ல வேண்டியதுதான். ஆனால் உடம்பு வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. அந்த ஆறு பேரில் 14 வயதுப் பொடியன் ஒருவன், 40 வயதில் சீனி வருத்தம் உள்ளவர் ஒருவர், 72 வயது மூத்தவாப்பா ஒருவர் இருக்கலாம். பெண்கள் பக்கத்துச் சஹனில் ஒரு பிள்ளைத்தாச்சியும் பால் கொடுக்கும் தாயும் இருக்கலாம். பொடியனின் உடம்பு எலும்பையும் தசையையும் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. நாற்பது வயதுக்காரரின் உடம்பு கட்டி முடித்துவிட்டது. அங்கே நடப்பது பழுது பார்க்கும் வேலை மட்டும். மூத்தவாப்பாவின் உடம்பிலோ கட்டியது கரைந்துகொண்டிருக்கிறது. ஒரே சோறு மூவருக்கும் ஒரே வேலையைச் செய்யாது.

இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. எல்லா வயதையும் ஒரே நீளத்தில் சொல்லப் போவதில்லை. தாயிடம் கூடுதல் நேரம் நிற்கப் போகிறேன். மற்ற வயதுகளின் கணக்கெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

1944ஆம் ஆண்டின் கடைசியில் ஜேர்மன் படைகள் மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போவதைத் தடுத்தன. குளிர்காலம் முழுவதும் பங்கீட்டு உணவு ஆளுக்கு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. சில மாதங்களில் அதில் பாதிதான் கிடைத்தது. 1945 மே மாதம் நாடு விடுதலையானதும் உணவு வந்துவிட்டது. பட்டினிக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன. பிறப்புப் பதிவேடுகளும் பத்திரமாக இருந்தன. ஆகவே அந்தக் குளிர்காலத்தில் தாயின் வயிற்றில் இருந்தவர்களைத் தேடிப்பிடித்து, ஐம்பது அறுபது வயதில் பரிசோதிக்க ஆராய்ச்சியாளர்களால் முடிந்தது. அவர்களிடம் நீரிழிவு கூடுதலாக இருந்தது. கருவின் முதல் மாதங்களில் பட்டினியைச் சந்தித்தவர்களிடம் இருதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டது. இவர்களில் பலர் பிறக்கும்போது நல்ல நிறையோடுதான் பிறந்தார்கள். பிள்ளை மூன்று கிலோ இருக்கிறதே, பிறகென்ன என்று நாங்கள் கேட்கிற கேள்விக்கு அங்கே ஒரு பதில் கிடக்கு.

இதே காலப்பகுதியில் டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இங்கிலாந்தின் பழைய பிறப்பேடுகளைப் புரட்டி, குறைந்த நிறையில் பிறந்தவர்களே பிற்காலத்தில் இருதய நோயால் கூடுதலாக இறந்தார்கள் என்று 1980களின் முடிவில் காட்டினார். வயிற்றில் உள்ள பிள்ளை தாயின் உணவைக் கொண்டு வெளியுலகத்தை மதிப்பிடுகிறது, தட்டுப்பாட்டுக்கு ஏற்ற உடம்பைக் கட்டிக்கொள்கிறது என்பது அவர் வழிவந்தோர் தரும் விளக்கம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், அப்படிக் கட்டிய உடம்பு பிறகு கொத்துறொட்டியும் சோடாவும் உள்ள உலகத்தில் வாழ வேண்டி வரும்போது.

இதை நாங்கள் தூரத்துக் கதையாகப் படிக்க முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் கர்ப்பிணிகள் இருந்தார்கள். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் பிள்ளைகள் பிறந்தன. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கும் இந்த வடமராட்சிக்கும் வந்தபோது அங்கேயும் அப்படித்தான். அந்தப் பிள்ளைகள் இன்று முப்பது வயது நிறைந்தவர்கள், அவர்களே வாப்பாமார், உம்மாமார். சீனி வருத்தம் நாற்பதுக்குப் பிறகுதான் என்று இருக்காமல் அவர்கள் இப்போதே வருடத்துக்கு ஒருக்கா இரத்தத்தைச் சோதிப்பது நல்லது. உடம்பு பருமனாக இருக்க வேணுமென்றில்லை. நம் பிராந்தியத்து மக்களுக்கு ஆபத்து குறைந்த நிறையிலேயே தொடங்குகிறது என்பதால், உடற்திணிவுச் சுட்டெண் 25 என்ற பொது எல்லைக்குப் பதிலாக ஆசியர்கள் 23இலேயே கவனிக்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80.

தாய்க்கு என்ன வேணும்? கர்ப்பத்தின் பிற்பகுதியில் நாளுக்கு ஏறத்தாழ 300 முதல் 450 கலோரி மேலதிகமாக வேணும். பால் கொடுக்கும்போது அது 500ஐ எட்டும். அதாவது, உழைக்கிற புருஷனுக்குச் சோறு கூடுதலாகப் போடுகிற வீட்டில், உட்கார்ந்து பால் கொடுக்கிறவளும் ஓர் உழைப்பாளிதான். ஆனால் அகப்பையின் வரிசை எங்களுக்குத் தெரியும். ஆண்கள், பிள்ளைகள், வந்த விருந்தாளி, மாமி, கடைசியில் பிள்ளைத்தாச்சி. மீன் துண்டு முடிந்துபோயிருக்கும், குழம்பு இருக்கும். 1973இலிருந்து அரசாங்கம் கொடுத்துவரும் திரிபோஷா, சோளமும் சோயாவும் சேர்ந்த மா, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நாளுக்கு 50 கிராம் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கப்படுவது. வீட்டுக்கு வந்ததும் அது உருண்டையாகி எல்லோர் வாயிலும் போகிறது. குற்றம் சொல்லவும் மனம் வராது, பசி எல்லோருக்கும்தான்.

அல்பகறா அத்தியாயத்தின் 233ஆவது வசனம் இரண்டு வருடப் பாலூட்டலைச் சொல்வதை நாங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். அதே வசனம் பாலூட்டும் தாயின் உணவுக்கும் உடைக்கும் தகப்பனைப் பொறுப்பாக்குகிறது. அந்தப் பாதி குத்பாக்களில் குறைவாகவே காதில் விழுகிறது.

தாயின் தட்டில் குறைவது பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதற்கு அரிசியைவிட நல்ல உதாரணம் இல்லை. பெரிபெரி என்றொரு நோய். இயலாது என்று பொருள்படும் சிங்களச் சொல்லை இரட்டித்து வந்த பெயர் என்று அகராதிகள் சொல்கின்றன. கால் மரத்து, உடம்பு வீங்கி, இருதயம் நின்றுபோகும். ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற கோழிகள் இப்படி விழுவதையும், தவிடு கொடுத்தால் எழும்புவதையும் 1890களில் கண்டார். 1929இல் நோபல் பரிசு பெற்றார். மலாயாவில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அங்கே வெள்ளைப் பச்சையரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் கூட்டமாக இறந்தார்கள். புழுங்கலரிசி தின்ற தமிழர்களை அந்த நோய் பெரும்பாலும் தொடவில்லை. 1905இல் பிளெச்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்தில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு வெள்ளையரிசியும் மற்றதுக்குப் புழுங்கலும் கொடுத்தார். வெள்ளையரிசிப் பக்கம் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் இந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

காரணம் எங்கட குசினியில் உள்ளது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பகுதியில் உள்ள தயமின் என்னும் விற்றமின் பி1 அரிசிக்குள்ளே இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு நின்றுவிடும். பச்சையரிசியை வெள்ளையாகத் தீட்டினால் அது தவிட்டோடு மாட்டுக்குப் போகும். தயமின் குறைந்த தாய் தனக்கு ஒன்றும் தெரியாமல் நடமாடிக்கொண்டிருப்பாள். அவளுடைய பால் மட்டும் குடிக்கும் பிள்ளை இரண்டு மூன்று மாதத்தில் குரல் கம்மி, மூச்சு வாங்கி, சில மணித்தியாலத்தில் இறந்துவிடக்கூடும். லாவோஸ் நாட்டில், பிள்ளை பெற்ற தாய்க்கு வெள்ளைச் சோற்றைத் தவிர அநேகமாக எல்லாவற்றையும் விலக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் அண்மைக்காலம் வரை இது நடந்திருக்கிறது.

ஆகவே பத்தியம் என்றாலே மூடப்பழக்கம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, எல்லாம் சரி என்கிறவர்களோடும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பத்தியத்தில் பால்சுறா இருக்கிறது, முருங்கையிலை இருக்கிறது, மல்லியும் மிளகும் அரைத்த சரக்குக்கறி இருக்கிறது. புரதமும் இரும்பும் வருகிற நல்ல சாப்பாடு. நாற்பது நாளும் முட்டை கூடாது, கீரை கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது என்று விலக்குகிற பட்டியல்தான் ஆபத்து.

பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும். பிறந்தவுடன் பேரீச்சம்பழம் தொட்டு வைக்கும் தஹ்னீக் நபிவழி. அந்த இடத்தில் தேன் தடவுகிறவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும், ஒரு வயதுக்குக் கீழே தேனில் உள்ள சில கிருமி வித்துகள் குழந்தையின் தசைகளை முடக்கிவிடும். ஆறு மாதம் முடியும்போது, தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்புச் சேமிப்பும் முடிகிறது. அப்போது கஞ்சித்தண்ணீர் போதாது. இரைப்பை சின்னது, தண்ணீரால் நிரப்பினால் மற்றதுக்கு இடமிருக்காது. குழைத்த சோறு, பருப்பு, மசித்த மீன், ஈரல், முட்டை, கொஞ்சம் எண்ணெய். குழந்தை உண்பதன் சக்தியில் பெரும் பங்கு மூளைக்குப் போகிறது.

பள்ளிக்கூடக் காலத்தில் எனக்குப் பெரிய கவலை பெண்பிள்ளைகள். மாதவிடாய் தொடங்கியதும் இரும்புத் தேவை ஆண்பிள்ளையைவிடக் கூடுகிறது, சாப்பாடோ குறைகிறது. காலைக் கூட்டத்தில் மயங்கி விழுகிறவர்கள் அநேகமாக இவர்கள்தான். காலையில் என்ன சாப்பிட்டீர் பிள்ளை என்றால் பிளேன்டீ என்று பதில் வரும். தேயிலையில் உள்ள தனின் உணவின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணீர் குடித்தால் போதும். விற்றமின் சி மாறாக இரும்பை உறிஞ்ச உதவும். தேசிக்காய்ப் புளி விட்ட கீரை இதனால்தான் நல்லது. நெல்லிமரத்தடியைப் பேரிலேயே வைத்திருக்கிற ஊரில் படிப்பிக்கிறவன் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது: நெல்லிக்காயில் விற்றமின் சி தோடம்பழத்தைவிடப் பலமடங்கு. அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லியைப் படிப்பிக்கும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். பாடசாலையில் வாரத்துக்கு ஒன்றாகக் கொடுக்கும் இரும்பு மாத்திரையை வாயில் வைத்துவிட்டு வெளியே துப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் உள்ள போலிக் அமிலம் நாளைக்கும் வேணும். கருவின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் 28 நாளில் மூடிவிடுகிறது. பல பெண்கள் கர்ப்பம் என்று அறிவதற்கு முன்பே. நிக்காஹ் எழுதிய கையோடு இருவரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பதிந்தால் அந்த மாத்திரை அங்கேயே கிடைக்கும்.

நடுவயதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். சோற்றைக் குறைத்து மரக்கறியையும் மீனையும் கூட்டுங்கள், நடவுங்கள். நோன்பு காலத்தில் சீனி வருத்தக்காரர் றமழானுக்கு முன்பே வைத்தியரைக் கண்டு மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேணும். நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதற்குப் பின்னால் வரும் சமோசாவும் றோல்சும்தான் கணக்கைக் கெடுக்கின்றன.

வயது போனவர்கள் விஷயத்தில் எங்கட அன்பே தவறான பக்கம் நிற்கிறது. இந்த வயதில் அவருக்கு என்ன, இரண்டு பிஸ்கட்டும் தேத்தண்ணியும் போதும் என்கிறோம். சக்தித் தேவை குறைவது உண்மை, புரதத் தேவை குறைவதில்லை. வளர்ந்தவருக்கு உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு 0.8 கிராம் என்றால் முதியவருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை சொல்கிறார்கள். 50 கிலோ நிறையுள்ள உம்மும்மாவுக்கு 50 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவில் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் தசை கரைகிறது, கக்கூசுக்குப் போகும்போது விழுகிறார், இடுப்பெலும்பு உடைகிறது. வயது என்று சொல்லிவிடுகிறோம். பல் இல்லாவிட்டால் மீனை உதிர்த்துக் கொடுக்கலாம், இறைச்சியை அரைத்துக் கொடுக்கலாம். தாகம் தெரிவதும் குறைந்துவிடும், கேட்காமலே தண்ணீர் வையுங்கள்.

இன்னொன்று. வயதோடு இரைப்பை அமிலம் குறைவதால் மீன், முட்டை, பால் என்பவற்றில் உள்ள விற்றமின் பி12ஐப் பிரித்தெடுப்பது கடினமாகிறது. சீனிக்கு நீண்டகாலம் மெற்போமின் குடிக்கிறவர்களுக்கு அது மேலும் குறையும். கால் விறைக்கிறது, மறதி வருகிறது என்று மூத்தவாப்பா சொன்னால் சீனியின் தலையில் எல்லாவற்றையும் போடாமல், பி12 அளவைச் சோதிக்கலாமா என்று கிளினிக்கில் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.