விடைபெறும் போர்க்கப்பல்

உயிருள்ளாரைப் பிரியும்போது வருந்துதல் உலகியல்பு. இரும்பாலாகிய கலம் ஒன்றிற்கு மக்கள் திரண்டு விடையளித்துக் கண்கலங்குவரேல், அதன் காரணம் யாதென ஆராய்தல் தகுவதேயாம். கடற்படையினரிடையே நிலவும் அவ்வழக்கத்தை, 'விராட்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

இங்கிலாந்து நாட்டிலே பாரோ என்னும் துறைமுக நகரில் இக்கலத்தைக் கட்டும் வேலை 1944ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 1953இல் நீரில் இறக்கப்பட்டு, 1959இல் 'ஹெர்மீஸ்' என்னும் பெயருடன் பிரிட்டிஷ் கடற்படையிற் சேர்ந்தது. 1982இல் பாக்லாந்துத் தீவுகளின்பொருட்டு நிகழ்ந்த போரில் அப்படைக்குத் தலைமைக் கலமாய் நின்றது. பின்னர் 1986இல் இந்திய அரசினர் அதனை விலைக்கு வாங்கினர். செப்பனிடப்பெற்ற கலம், 1987ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் 'விராட்' எனப் புதுப்பெயர் புனைந்து நம் கடற்படையிற் புகுந்தது. முப்பதாண்டுத் தொண்டிற்குப் பின், 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 6ஆம் நாள், மும்பைக் கடற்படைத் துறையில், ஞாயிறு மறையும் வேளையிலே விடைபெற்றது.

அவ்வேளை தற்செயலாய் அமைந்ததன்று. போர்க்கப்பல் துறையில் நிற்கும் நாட்களில் காலையிற் கொடியேற்றுதலும் மாலையில் இறக்குதலும் முறை. இன்று இறங்கும் கொடி நாளை ஏறும் என்பது மாலுமிகள் அறிந்தது. இறுதி நாளிலோ, இறங்கிய கொடி அக்கலத்தில் மீண்டும் ஏறுவதில்லை. கலம் பணியேற்ற நாள்முதல் பாய்மரத்தின் உச்சியிற் பறந்த குறுகிய நெடுங்கொடியும் உடன் இறங்கும். கலம் தொண்டாற்றிய காலத்திற்கேற்ப மிக நீண்டதொரு கொடியைப் பறக்கவிட்டு விடைபெறுதலும் பழைய வழக்கம். கொடி இறங்கியதும் அது போர்க்கப்பல் என்னும் நிலையை இழக்கின்றது. எஞ்சுவது இரும்பே.

நிற்க. 'விராட்' விடைபெற்ற அன்று அதன் முன்னாள் தலைவர்களும் மாலுமிகளும் வந்து கூடினர். 'ஹெர்மீஸ்' எனும் பெயரால் அதனை அறிந்த பிரிட்டிஷ் முதியோர் சிலரும் கடல் கடந்து வந்தனர். நாடு வேறு, மொழி வேறு. ஆயினும் இளமையில் உண்டதும் உறங்கியதும் ஒரே கலத்திலன்றோ? அவ்வுறவே அவர்களை ஒருங்கு சேர்த்தது.

கலத்தின் பின்வரலாறு துயர் தருவது. அதனை அருங்காட்சியகமாக்கும் முயற்சிகள் கைகூடவில்லை. 2020இல் குஜராத்து மாநிலத்து ஆலங் கடற்கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டு உடைபடலாயிற்று. அதற்கு முன்னரே, 1997இல் ஓய்வுபெற்ற 'விக்ராந்த்' சில ஆண்டுகள் காட்சிச்சாலையாய் நின்றும் 2014இல் உடைக்கப்பட்டது. அதன் பெயர் மட்டும் 2022இல் கடற்படையிற் சேர்ந்த புதிய கலமொன்றிற்குச் சூட்டப்பெற்றது.

போரில் வீழ்ந்தார்க்குக் கல் நட்டுப் பெயரெழுதி வழிபட்டனர் நம் முன்னோர். உடைந்த கலத்திற்கு நடுகல் யாது? அதிற் பணிபுரிந்தோர் அமைக்கும் சங்கங்களே என்பது எம் கருத்து. ஆண்டுதோறும் கூடுதல், இறந்தோரை நினைத்தல், நோயுற்றாரைக் காணுதல், கைம்பெண்டிர்க்கு உதவித்தொகை கிடைக்கத் துணைசெய்தல் ஆகியன அவற்றின் பணிகள். முதல் உலகப்போருக்குப் பின் 1921இல் தோன்றிய பிரிட்டிஷ் லீஜியன் இவ்வகைத் தொண்டிற்குப் பெயர்பெற்றது. நம் நாட்டிலும் 1949 முதல் டிசம்பர் 7ஆம் நாள் கொடிநாளாகக் கொள்ளப்படுகின்றது. அன்று திரளும் பொருள் முன்னாள் படைவீரர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் பயன்படும்.

கப்பலுக்கு வணக்கம் செய்தல் எளிது. ஒரு மாலைப்பொழுதில் இசையுடன் முடிந்துவிடும். அக்கப்பலைச் செலுத்திய மனிதன் அதன்பின் பல்லாண்டு வாழவேண்டும். மாலுமி பலர் நடுவயதிலேயே பணிநீங்கிக் கரையேறிப் புதுத்தொழில் தேடுகின்றனர். கலத்தைப் பாராட்டி மாலுமியை மறப்போமாயின், அப்பாராட்டு இரும்பிற்குச் செய்ததேயாம்.

ஆதலின், மாணவ நண்பர்களே, வரும் கொடிநாளில் நம் கல்லூரி வாயிலில் உண்டியல் வரும்போது, சட்டையிற் குத்தும் சிறுகொடியை வெறுங்காகிதமென எண்ணாதிருப்போமாக. கப்பலில் இறங்கிய கொடி மீண்டும் ஏறுவதற்குரிய இடம் அதுவேயாகும்.