லிண்டன் மரங்களின் நிழலில்

ஜெர்மனியின் தலைநகரமான பெர்லினில் ‘உன்டர் டென் லிண்டன்’ என்னும் புகழ்பெற்ற சாலை உள்ளது. ‘லிண்டன் மரங்களின் கீழ்’ என்பது அதன் பொருள். மேற்கே பிராண்டன்பர்க் வாயிலிலிருந்து கிழக்கே அரண்மனைப் பாலம் வரை, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளும் இச்சாலையில் நடப்பது ஒரு வரலாற்று நூலைப் படிப்பதற்கு ஒப்பாகும். வாருங்கள், மேற்கு முனையிலிருந்து நடப்போம்.

பிராண்டன்பர்க் வாயில் 1791இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் உச்சியில் நான்கு குதிரைகள் பூட்டிய தேர்ச் சிற்பம் உள்ளது. 1806இல் பெர்லினைக் கைப்பற்றிய நெப்போலியன் அச்சிற்பத்தைப் பாரிசுக்குக் கொண்டு சென்றார். 1814இல் அது மீட்கப்பட்டது. 1961இல் நகரைப் பிரித்த பெர்லின் சுவர் இவ்வாயிலை அடுத்தே எழுப்பப்பட்டது. அதனால், 28 ஆண்டுகள் மக்கள் இதன் வழியே சென்றுவர முடியவில்லை. 1989 டிசம்பரில் வாயில் மீண்டும் திறக்கப்பட்டது.

கிழக்கு நோக்கி நடந்தால், சாலை நடுவே லிண்டன் மரங்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். 1647இல் ஆட்சியாளர் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் இங்கு மரங்களை நடச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் அழிந்த மரங்களுக்குப் பதிலாகப் பின்னர் புதியவை நடப்பட்டன.

இன்னும் சற்றுத் தூரம் சென்றால், இடப்பக்கம் 1810இல் தொடங்கப்பட்ட ஹம்போல்ட் பல்கலைக்கழகம் தெரியும். அதற்கு எதிரே உள்ள சதுக்கத்தில், 1933 மே 10ஆம் நாள் இரவு, நாஜிகளை ஆதரித்த மாணவர்கள் ஏறத்தாழ 20,000 நூல்களைத் தீயிலிட்டனர். சிறுவர் கதைகள் எழுதிய எரிக் கெஸ்ட்னர், தம்முடைய நூல்களும் எரிவதைக் கூட்டத்தில் நின்று பார்த்தார்.

இன்று அச்சதுக்கத்தின் தரையில் ஒரு கண்ணாடிப் பலகை பதிக்கப்பட்டுள்ளது. குனிந்து பார்த்தால், நிலத்தடியில் ஓர் அறையும் வெள்ளை நிற அலமாரிகளும் தெரிகின்றன. அவற்றில் ஒரு நூல்கூட இல்லை. எரிக்கப்பட்ட 20,000 நூல்களை அடுக்கும் அளவுக்கு இடம் மட்டுமே உள்ளது. சிற்பி மிக்கா உல்மான் உருவாக்கிய இந்நினைவிடம் 1995இல் திறக்கப்பட்டது.

சாலையைக் கடந்து பல்கலைக்கழக வாயிலுக்கு வந்தால், மேசைகளில் பழைய புத்தகங்கள் விற்கப்படுவதைக் காணலாம். ஒரு காலத்தில் மாணவர்கள் நூல்களை எரித்த இடத்துக்கு எதிரிலேயே, இன்றைய மாணவர்கள் நின்று நூல்களைப் புரட்டிப் பார்க்கிறார்கள். பெருமைக்குரிய வாயிலைப் போலவே, தலைகுனியச் செய்யும் அந்த நாளையும் இந்நகரம் மறைக்காமல் காட்டுகிறது. தவற்றை நினைவில் வைத்திருப்பதும் வரலாற்றைப் போற்றும் ஒரு வழிதானே?